நுரைக்கு ஒரு மருமகள்

பிவா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் ஊற்று உண்டு. சமையற்கட்டுத் தொட்டியில் தண்ணீர் தானாகப் பொங்கி நிற்கும். வழிவது கெண்டை மீன் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து அடுத்த வீட்டுக்கு. மேல் வீட்டுக்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரில்தான் கீழ் வீட்டுக்காரி முள்ளங்கி கழுவ வேண்டும். ஒருத்தி யோக்கியமா இல்லையா என்று பக்கத்து வீட்டில் போய் விசாரிக்கத் தேவையில்லை, தண்ணீரே சொல்லிவிடும்.

பன்னிரண்டு வீட்டுக் கால்வாயின் தலைமாட்டு வீட்டுக்கு ஒசாகாவிலிருந்து மருமகளாக வந்தவள் சுமியே. வந்த முதல் வருஷத்திலேயே எல்லாம் படித்துக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகுதான் தண்ணீரில் வைப்பாள். அரிசி கழுவிய நீர் பாத்திக்குப் போகும். சூப்பில் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. அடிப்பிடித்த சோறு மீனுக்கு. ஆயா என்று பெயர் வைத்த தன் கைக்குழந்தையின் மூத்திரத் துணியை வாளியில் அலசி, வாளியைத் தூக்கிக்கொண்டு வயல்வரை நடப்பாள். உள்ளூரில் பிறந்த பெண்கள் மழைநாளில் சோம்பல்பட்டுச் செய்கிற சின்னத் தப்பைக்கூட அவள் செய்ததில்லை. அந்நிய ஊர்க்காரி, செய்ய முடியாது.

அவள் வந்து சில வருஷம் கழித்து ஏரி செம்மண் கரைத்தது போலச் சிவந்து நாறியது. சலவைத்தூள்தான் காரணம் என்றார்கள். மகளிர் சங்கம் கூடி, இனி தூள் கிடையாது, சோப்புதான் என்று சத்தியம் செய்தது. சங்கத் தலைவி சுமியேவின் மாமியார் கினு. வீடு வீடாகப் போய் மிச்சமிருந்த தூள் பெட்டிகளையெல்லாம் வாங்கி வந்தவளும் அவள்தான். முப்பத்தெட்டுப் பெட்டி. மலைப்பக்கம் புதைக்கப் போவதாகச் சொன்னாள்.

கிண்ணத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலே "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்கிறவள் கினு. பிரிக்காத பெட்டிகளை மண்ணில் போட அவளுக்கு மனசு வருமா? பெட்டிகள் வீட்டுக் கிடங்கிலேயே இருந்தன. வியாழக்கிழமைதோறும் சுமியே நெசவாலைக்கு வேலைக்குப் போன பிறகு, மகன் தொகுஜியின் சட்டைக் காலர்களை அந்தத் தூள் போட்டுத் துவைப்பாள். பாவம் செய்வதாக அவள் நினைக்கவே இல்லை. பாவத்தைத் தவிர்ப்பதாகத்தான் நினைத்தாள்.

நுரை கால்வாயில் இறங்கியது. மூன்றாவது வாரம் கடைசி வீட்டில் சோயாப்பாலை உறைய வைத்து டோஃபு செய்கிற கென்சோவின் தொட்டியில் மிதந்தது. அன்றைக்கு அவர் செய்த டோஃபு முழுவதும் பன்றிக்குப் போனது. அவருடைய கெண்டைகள் இரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

மறுநாள் சங்கத்தில் பேச்சு எழுந்தது. யாரும் கினுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"டவுன் பொண்ணுங்களுக்குக் கை நோகாம வேல முடியணும்," என்றாள் மூன்றாம் வீட்டு ஷிகெனோ.

"சோப்பு தேய்ச்சா நகம் உடைஞ்சிடுமோ என்னமோ," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

கினு தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "என் வீட்டுத் தப்பு என் தப்புதான். நான் கவனிச்சுக்கிறேன்," என்றாள். தலைவி எவ்வளவு பெருந்தன்மை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பேச்சு காதுக்கு வந்ததும் சுமியே கிடங்கைத் திறந்து பார்த்தாள். பெட்டிகள் அடுக்கியிருந்தன, மூன்று காலி. மாமியார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் வேலைக்குப் போன நாள்லதான் நுரை வருது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ ஏன் என்னச் சொல்றீங்க?"

"ஊரு உன்னத்தான் சொல்லுது. நான் சொல்லல," என்றாள் கினு, துணியை மடித்தபடி. "பன்னெண்டு வீட்டுல நம்மள விட்டா பதினோரு வீடு. ஒவ்வொரு வாசல்லயும் போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வா. முடியாதுன்னா ஒசாகாவுக்கு ரயில் இருக்கு. ஆனா குழந்த இந்த வீட்டுது. அது இங்கதான் இருக்கும்."

சுமியே கணவனைப் பார்த்தாள். தொகுஜி வெள்ளைக் காலர் சட்டையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "குனிஞ்சா முதுகு உடைஞ்சா போயிடும்? அம்மா சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்," என்றான்.

ஆயாவுக்கு அப்போது மூன்று வயது. சுமியே கிளம்பினாள்.

ஷிகெனோ கதவைப் பாதி திறந்து, "கைய கால்வாயில விடாம இருந்தாச் சரி," என்றாள். ஐந்தாம் வீட்டில் மன்னிப்பை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள், கிழவருக்குக் காது மந்தமாம். எட்டாம் வீட்டில் யாரும் வெளியே வரவில்லை, உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூடிய கதவைப் பார்த்துக் குனிந்தாள்.

கடைசி வீட்டில் கென்சோ தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் நிஜமாக நஷ்டப்பட்டவர். அவரிடம் மட்டும் சுமியேவுக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது. தரையில் முட்டி போட்டு, "என்னை மன்னிக்கணும்," என்றாள்.

"நீ செய்யலேன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் கென்சோ, தேய்ப்பதை நிறுத்தாமல்.

சுமியே நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுத் தூளும் அந்த முப்பத்தெட்டுலதானே போச்சு. வாசன தெரியாதா? ஊருல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"முதல் வாரமே."

"அப்புறம் எதுக்கு என்ன இப்படி..."

"தலைவிகிட்ட நேராச் சொல்ல முடியுமா? மருமகள அடிச்சாத்தான் மாமியாருக்கு உறைக்கும். இனிமே நுரை வராது பாரு." கென்சோ தெருப்பக்கம் கண்ணைக் காட்டினார். "சங்கத்துப் பொம்பளைங்க பாலத்துல நின்னு பாக்குறாங்க. இன்னும் கொஞ்சம் குனி."

அவள் குனிந்தாள். நெற்றி ஈரத் தரையில் பட்டது. அந்தக் கணத்தில் அவள் வெறுத்தது மாமியாரை அல்ல, தன்னை.

கென்சோ சொன்னபடியே நுரை நின்றது. மிச்சப் பெட்டிகளைக் கினு மலைப்பக்கம் புதைத்தாள், அதுவும் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. மருமகளைத் திருத்திய மாமியார் என்று அவளுக்குப் பெயர். அடுத்த ஊர்ச் சங்கங்களில் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். கால்வாய் கண்ணாடியாக ஓடியது. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி நாங்கள் இன்றும் பெருமை பேசுகிறோம், வெட்கம் கெட்டவர்கள்.

ஆயாவுக்கு ஏழு வயதாயிற்று. ஒருநாள் காலை சுமியே தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்தபோது, மகள் பள்ளிப்பையை முதுகில் மாட்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"அம்மா, கையக் காட்டு."

"எதுக்குடி?"

"தினம் பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போகணும்னு பாட்டி சொல்லியிருக்காங்க. நீ திரும்பவும் பண்ணுவியாம்."

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"ஊருல எல்லாருக்கும் தெரியுமே," என்றாள் ஆயா. அவளுக்கு அம்மா மேல் கோபம்கூட இல்லை, பள்ளிக்கு நேரமாகிறது என்ற அவசரம்தான்.

சுமியே ஈரக் கையை விரித்துக் காட்டினாள். சோப்புக்கட்டிதான் இருந்தது. ஆயா அதை எடுத்து முகர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, பாட்டியிடம் சொல்ல உள்ளே ஓடினாள்.