எப்போ அக்கா

"அதெல்லாம் இருக்கட்டும். எப்போ கேட்டே?"

ஊசிக்குக் கீழிருந்து சட்டைக் காலரை உருவி, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் அக்கா இதைக் கேட்பார். சேதி கொண்டுவந்தவள் திருதிருவென விழிப்பாள். நேற்றா, இன்று காலையா, யார் வாயிலிருந்து என்று தெளிவாகும்வரை விஷயத்துக்கே வரவிடமாட்டார். எங்கள் தையல் கூடத்தில் அவருக்கு 'எப்போ அக்கா' என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம்.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஷிஃப்ட் முடியும்வரை கண்டபடி எழுந்து நடக்கவும் கூடாது. ஆனாலும் மேனேஜர் அறையில் யாராவது தும்மினால், சாப்பாட்டு நேரத்துக்குள் கடைசி வரிசைவரை தெரிந்துவிடும். பக்கத்து மெஷின், முன் மெஷின், தண்ணீர் கேன் பக்கம் போகிறவள் என்று வாய்க்கு வாய் போகிறது. துணியைச் சோதிக்கிற மேசையில் நிற்பதால் நான் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அக்காவின் கணக்கு தனி. ஒரு சேதியை இரண்டு பேரிடம் சொல்வார், அதற்குமேல் இல்லை. அதே சேதி வேறு யார் வழியாகவோ, கை கால் முளைத்து, அவரிடமே திரும்பி வரும்வரை காத்திருப்பார். "எனக்கே வந்துடுச்சா? அப்போ எல்லாருக்கும் போயாச்சு. இனிமே நான் எதுக்குத் தொண்டையைக் கிழிச்சுக்கணும்?" என்று வாயை மூடிக்கொள்வார். உடைந்துபோன மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக்கால் கட்டி மாட்டியிருக்கிறார். புதிது வாங்கக் கூடாதா என்றால், "காது நல்லாக் கேக்குதே, அது போதும்" என்பார்.

இந்தக் கணக்கு சமீபத்தில் உதைத்தது. எங்கள் கூடத்து இஸ்திரிக்காரர் நாலு நாளாக இருமினார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், அவருக்கு டி.பி. என்று கூடம் முழுக்கப் பரவிவிட்டது. படத்தில் ஒன்றுமில்லை, பஞ்சுத் தூசியால் வந்த இருமல் என்று டாக்டர் சொன்னாரே, அது மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அக்கா வழக்கம்போல் இருவரிடம் சொன்னார். ஒருத்தி "ஓ, அப்படியா" என்று மெஷினை மிதித்தாள். இன்னொருத்தி மறந்தே போனாள். இதற்குள் சுவரோர வரிசைக்குப் பழைய சேதி தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சுடச்சுடத் திரும்பியது. "அவருக்கு மறுபடியும் வந்துடுச்சாமே!"

சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்து, இங்கே யாருக்கும் டி.பி. கிடையாது என்று அறிவித்தார். அதுவரை தெரியாமல் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் இஸ்திரிக்காரர் வந்து உட்கார்ந்தால் "வாங்கண்ணே" என்பார்கள். ஆனால் சொன்ன வாய் மூடுவதற்குள் டிபன் பாக்ஸோடு எழுந்துவிடுவார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அவர் இஸ்திரிக்கு ஆவி தரும் பாய்லருக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். போன வாரம் அக்காவிடம் வந்து, "நாளையிலிருந்து வேலைக்கு வரலம்மா, நின்னுக்கிறேன்" என்றார்.

"வேற கம்பெனிக்குப் போயிடுவீங்களாக்கும்?"

"எங்கே போனாலும் இந்தச் சேதி எனக்கு முன்னாடி போய் நிக்கும்."

அவர் போனதும் பக்கத்து மெஷின்காரி, "எத்தனை தரம்தான் இல்லைன்னு சொல்றது? விட்டுத்தள்ளுக்கா" என்றாள்.

"இல்லைங்கறதை யாருடி தூக்கிட்டுப் போவா? ஏதாவது நடந்தாத்தான் தூக்குவாங்க."

"உன் மக பிரசவத்துக்கு வந்திருக்கா, வீட்ல பச்சைக் குழந்தை இருக்கு. நீ வம்பை விலைக்கு வாங்காதே."

சாப்பாட்டு மணி அடித்து மேசைகள் நிறைந்ததும் அக்கா பாய்லருக்குப் பின்னால் போனார். இஸ்திரிக்காரரின் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தார். வேறு வழியில்லாமல் அவரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார். அக்கா அதை எடுத்தார்.

"வேணாம்மா, குழந்தை இருக்கிற வீடு" என்று இஸ்திரிக்காரரே பதறிக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, பாட்டிலைத் துடைக்காமல், அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாயை வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.