நரிக்கு வைத்த கோழித்தோல்

நரி முகத்தில் விழித்தால் யோகம் அடிக்குமாம். மயிலாப்பூரில் பிறந்து அடையாறு பக்கம் குடிவந்து அறுபதைத் தொட்டும் எனக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால்தான் கிண்டிக் காட்டின் மதில். அதன் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையில் விடியற்காலையில் ஒரு நரி எட்டிப் பார்க்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். என் தூக்கம் அன்றே போயிற்று.

குடியிருப்பு வாட்ஸப் குழுவில் நான்தான் வனவிலங்கு ஆர்வலர். அதுவரை நான் படமெடுத்த ஒரே வனவிலங்கு, எங்கள் மாடியில் வடாம் தின்ற குரங்கு.

நரியை வரவழைக்க ஓட்டையோரம் தினமும் கோழித்தோல் வைத்தேன். முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவன், கறிக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று, நாய்க்கு என்று புளுகினேன். பத்தே நாளில் நரி வந்தது. நாலு படம் எடுத்தேன். குழு முழுக்கக் கைதட்டல். தலைகால் புரியவில்லை எனக்கு. அப்புறம் நங்கநல்லூரில் பெண் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் சௌக்கியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஓட்டையோரம் நரிக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை.

திரும்பி வந்த அன்று, எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மா வாசலில் நின்றார். மதிலோரக் கொட்டகையில் அவர் ஆடு வளர்க்கிறார். நரி ஓட்டை வழியாக வந்து, பிறந்து நாலு நாளான இரண்டு குட்டிகளையும் தூக்கிப் போய்விட்டதாம். ஓட்டைக்குக் கம்பி அடிக்கச் சொல்லி வன அலுவலகத்துக்கு மனு எழுதித் தரவேண்டும் என்றார்.

"தாயாடு பால் கட்டிக்கினு கத்திக்கினே கீது சார். இன்னொண்ணு சினையா கீது. அதையாவது காப்பாத்தணும்."

உட்கார்ந்து எழுதினேன். மதில், ஓட்டை, நரி, குட்டிகள், சினையாடு எல்லாம் வந்தன. நல்ல தமிழ்தான், சந்தேகமில்லை. படித்துக் காட்டினேன்.

"கோழித்தோலு போட்டத எழுதலயே சார்."

யார் போட்டார்களோ என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மிச்சத்தை தினமும் நான்தான சார் வாரிக்கினு இருந்தேன். எழுதுங்க. அப்பதான் ஆபீசுல நம்புவாங்கோ."

வெட்கத்தில் காது சூடாயிற்று. எழுதினேன், என் பெயர், வீட்டு எண்ணோடு. அந்த வரியை மட்டும் இன்னொரு தபா படிக்கச் சொன்னார். படித்தேன்.