தம்புசாமியின் கல்யாண லேண்ட் ரோவர்

ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் தம்புசாமி டிரைவராக இருந்தபோது, மனைவி தெய்வானைக்கு நள்ளிரவில் வலி கண்டது. தோட்டத்து லேண்ட் ரோவரில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியிலேயே, பின்சீட்டில், ரமணி பிறந்துவிட்டாள். "இவ கல்யாணத்தன்னிக்கு இதே வண்டியில நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்" என்று அன்றே சொல்லிவிட்டார் அந்த மனுஷன்.

எண்பத்தாறில் ரமணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பழைய இரும்புக்கு என்று ஒதுக்கிப் போட்டிருந்த அந்த வண்டியைக் கெஞ்சி வாங்கி, லோரியில் கட்டி இழுத்துக்கொண்டு பண்டமாரான் வீட்டு வாசலுக்கு வந்தார் தம்புசாமி.

தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ள வீட்டுல மெர்சிடிஸ் அனுப்புறேங்கிறாங்க. நீங்க கோழிக்கூட்டத் தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

தம்புசாமி வண்டியின் தூசியைத் துடைக்கத் தொடங்கினார். ஆயுசு முழுக்கத் தோட்டத்து மானேஜரையும் கணக்கெழுதும் கிராணியையும் ஏற்றி இறக்கிய கை அது. பெற்ற மகளை ஒரே ஒரு முறை, கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வேறு என்ன கேட்டார் அவர்?

வெல்டிங் கடை ஆ செங் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, மேல நல்லா இருக்கு. கீழ பிஸ்கட்டு லா! தொட்டா உதிருது." சிரித்தவன்தான் மறுநாள் இரும்புப் பட்டையோடு வந்து நின்றான். டயர் கடை கார்த்திகேசு நான்கு சக்கரம் கொண்டுவந்தார். மீன்பிடிக்கும் பாக் டின் படகுக்கு வாங்கிய பச்சைப் பெயிண்டில் மிச்சத்தை அடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பட்டுத்துணியில் சீட்டுக்கு உறை தைத்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் இன்ஜின் உறுமியதும் அந்த வரிசை வீடே கைதட்டியது.

கல்யாணக் காலையில் ஆளுக்கொரு மாலையோடு வந்தார்கள். ஒன்றை வாங்கி இன்னொன்றை மறுத்தால் மனம் நோகாதா? எல்லாவற்றையும் வண்டியின் முகப்பிலேயே கட்டச் சொன்னார் தம்புசாமி. சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்க, பூக்குவியல் ஒன்று தெருவில் ஊர்ந்து போவது போல வண்டி புறப்பட்டது. உதவியவர்கள் பின்னால் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய மெர்சிடிஸும் தொடர்ந்து வந்தது.

கிள்ளான் பாலத்து நெரிசலில் முன்பக்கமிருந்து புசுபுசுவென்று ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் மாமா சபாபதி பின்னாலிருந்த மெர்சிடிஸிலிருந்து இறங்கி வந்தார். "சம்பந்தி, முகூர்த்தம் நெருங்குது. பொண்ண நம்ம கார்ல ஏத்திடுங்க."

தம்புசாமி தாமே இறங்கிக் கதவைத் திறந்தார். "போம்மா. அப்பா பின்னாலயே வந்துடுறேன்."

இறங்கிய ரமணி நேராக வண்டியின் முன்னால் போய் நின்றாள். "அப்பா! இத்தன மாலைய ரேடியேட்டர் மேல கட்டினா காத்து எப்படிப்பா போகும்?"

கார்த்திகேசு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, பெருசு என்னோடதுதான்!"

ரமணி கை வைத்ததும் தெய்வானை பதறினாள். "கல்யாண வண்டி மாலையக் கழட்டாதடி! அபசகுனம்!"

"கழட்டிக் கீழயா போடப்போறேன்?" முதல் மாலையை அப்பாவின் கழுத்தில் போட்டாள். அடுத்தது ஆ செங்குக்கு. பிறகு பாக் டின், கார்த்திகேசு, சீட்டு உறை தைத்த பெண்கள். முகப்பு வெறுமையாகிவிட்டது. பாலமே வேடிக்கை பார்த்தது.

தெய்வானையின் கண் கலங்கிவிட்டது. சபாபதியிடம் திரும்பினாள். "அண்ணே, நீங்க முன்னால போயி ஐயர்கிட்ட சொல்லி வைங்க. வண்டி சூடு தணியட்டும். எம் பொண்ணு அவங்கப்பாகூடத்தான் வருவா."

ஆ செங் பாலத்து முனைக் காப்பிக்கடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தான். சூடு தணிந்ததும் பொறுமையாக ஊற்றினார்கள். வண்டி இருமியது, உறுமியது, கிளம்பியது.

முகூர்த்தம் தப்பவில்லை. கோயில் வாசலில் மகளை இறக்கிவிட்ட தம்புசாமி, மாலையும் கழுத்துமாக அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதார்.

"போதுங்க" என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள் தெய்வானை. "பாக்குறவங்க மாப்பிள்ளதான் கல்யாணம் வேணாம்னு அழுவுறாருன்னு நெனச்சுக்கப் போறாங்க."