மலர் அன்ரியின் வாசலில் சப்பாத்துகள் இருந்ததில்லை

மலர் அன்ரி இறந்துபோன செய்தி வந்தபோது அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். மா அப்பிய கையை மேலே தூக்கியபடி, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஓம்... ஓம்... எப்ப?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, "மலர் மோசம் போயிட்டா. பாவம்" என்றார்.

"ஆர் பாவம்?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்து. செத்த மனிசி."

நான் பொத்தவில்லை என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்தக் கல்வெட்டில், அதாவது நினைவுப் புத்தகத்தில், என்னை எழுதச் சொன்னவர் அன்ரியின் மகள் ரஜனி அக்கா. "வந்த கட்டுரை எல்லாத்திலையும் அம்மா ஆலமரம்" என்றார். "அம்மா மரம் இல்லை. உனக்குத் தெரியும். அவ இருந்த மாதிரி எழுது." அன்ரியை அறிந்த நீங்கள் என்மேல் கோபப்பட்டால் அதில் பாதியை ரஜனி அக்காவுக்கும் கொடுங்கள்.

அன்ரி எங்களுக்கு உறவில்லை. ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. லண்டனுக்கு வந்த புதிதில் அப்பா, அம்மா, நான் மூவரும் அந்த வீட்டு மேல்மாடியின் பின்னறையில் இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்ற அறைகளிலும் எங்களைப் போல வந்தவர்கள்தான். கீழே முன்னறையான ஹோலைப் பலகையால் தடுத்து அதற்குள்ளும் ஆட்கள் படுத்தார்கள்.

எங்கள் சனத்தின் வீடு எது என்று வாசலில் குவிந்து கிடக்கும் சப்பாத்துகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். மலர் அன்ரியின் வாசலில் ஒன்றுகூடக் கிடக்காது. உள்ளே வந்ததும் கழற்றி, பையில் போட்டு, அவரவர் அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாசலில் சப்பாத்து கிடந்தால் வீட்டில் எத்தனை பேர் என்று தெருவில் போகிறவன்கூட எண்ணிவிடுவானாம். மழைநாட்களில் எங்கள் கட்டிலுக்குக் கீழே ஈரச் சப்பாத்துகள் நாறும். அந்த நாற்றத்தில்தான் நான் இங்கிலாந்தில் தூங்கப் பழகினேன்.

"இந்த நாட்டில இருக்கிறதெண்டால், இருக்கிறது தெரியக்கூடாது" என்பார் அன்ரி. சமையலறையில், படியில், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று என்று, எங்கும் இதையே சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கேட்பதற்கு, இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. அன்ரி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"என்ர விலாசத்தை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது தம்பி. இண்டைக்குப் பள்ளிக்கூடம் எண்டுவியள். நாளைக்குக் கவுன்சில்காரன் வந்து கதவைத் தட்டுவான்."

"பிள்ளையின்ர படிப்பு அக்கா."

"படிப்புத்தான் முக்கியமெண்டால் பிள்ளையை ஊரிலயே விட்டிட்டு வந்திருக்கலாமே."

அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு அவர் வெங்காயம் வெட்டப் போய்விட்டார். அப்பா படியேறும்போது என் தலையைத் தடவினார். எனக்குத் தடவல் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது.

பகலில் நான் வெளியே போகக்கூடாது, பள்ளிக்கூட நேரத்தில் தெருவில் பிள்ளையைக் கண்டால் கேள்வி கேட்பார்கள் என்பதும் அன்ரியின் சட்டம்தான். மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு அம்மா என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போவார். அங்கேயும் அட்டை எடுக்க விலாசம் கேட்டார்கள். அதனால் அங்கேயே இருந்து வாசிப்பேன். மூடும் நேரத்தில் பாதியில் நிறுத்தி, புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் போனால் வேறு யாரோ எடுத்துப்போயிருப்பார்கள். பல கதைகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. அன்ரியை நினைத்தால் முதலில் வரும் கோபம் இதுதான்.

ஒருநாள், வீட்டில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் என்று யாரோ முறைப்பாடு செய்து, கவுன்சிலிலிருந்து உண்மையாகவே ஆள் வருவதாக இருந்தது. அன்ரி அதற்குள் பலகைத் தடுப்பைக் கழற்றி, மெத்தைகளையெல்லாம் பின்வளவுக் கொட்டிலில் அடுக்கிவிட்டார். எங்கள் எல்லோரையும் ஹோலில் இருத்தி, வடையும் மிக்சரும் பரப்பி, நடுவில் ஒரு கேக்கும் வைத்தார்.

"நீங்கள் எல்லாரும் அங்கால குட்மேய்ஸில இருந்து விருந்துக்கு வந்தனீங்கள். இண்டைக்கு ரஜனியின்ர பேர்த்டே. விளங்கினதோ?"

"ரஜனி வேலைக்கெல்லோ போட்டுது அக்கா?" என்றார் பக்கத்து அறை அண்ணை.

"கேக் இருக்குத்தானே. அது காணும்."

அன்ரி வெள்ளைக்காரரை எதிர்பார்த்திருந்தார். வந்தவர் மலேசியத் தமிழர். கதவு திறந்ததும் அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களின் சப்பாத்துகளோடு வைக்கலாம் என்று சுவரோரமாகப் பார்த்தார். ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். எல்லோர் கையிலும் கேக் துண்டு.

"என்னம்மா இது, எல்லாரும் வெறுங்காலோடதான் குட்மேய்ஸ்லேர்ந்து வந்தீங்களா?"

வெள்ளைக்காரருக்காக ஒத்திகை பார்த்திருந்த ஆங்கிலம் எல்லாம் அன்ரியின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வந்தவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உன் சப்பாத்து எங்கே?"

"மேல. எங்கட கட்டிலுக்குக் கீழ."

அம்மாவின் கிள்ளு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

"எந்தப் பள்ளிக்கூடம் போற?"

"போறேல்லை. அன்ரி விலாசம் தரமாட்டா."

அவர் தன் சப்பாத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். அந்த வாசலில் நான் கண்ட ஒரே சோடி அதுதான்.

அவர் போனதும் அன்ரி எங்களை அந்தக் கிழமைக்குள் வெளிக்கிடச் சொன்னார். "குளிருக்குள்ள பிள்ளையோட எங்க அக்கா போறது?" என்று அப்பா கெஞ்சினார்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் வடிவாப் பதில் சொல்லுறாளே உங்கட மகள். எங்க போறதெண்டு அவளையே கேளுங்கோ."

நாங்கள் கோலியர்ஸ் வுட்டுக்குப் போனோம். அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர் தன் வீட்டில் அறை தந்தார். விலாசமும் தந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அன்று நான் சொன்ன பதிலை அன்ரி மன்னிக்கவே இல்லை. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால், சேலை கட்டிய பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இஞ்ச பாருங்கோ, சப்பாத்துக்காரி வாறா" என்பார். நான் வளர்ந்து அவரைவிட உயரமான பிறகும் அப்படித்தான் அழைத்தார்.

இனி ஆலமரக் கட்டுரைகளுக்கு வருகிறேன். அவற்றில் ஒன்றை எழுதியவர் குட்மேய்ஸில் இருக்கும் என் பெரியப்பா. நாங்கள் வந்திறங்கியதும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம். உடற்பயிற்சிச் சைக்கிள் மட்டும் குடியிருந்த ஓர் அறை அங்கே இருந்தது. ஆனால் எங்களுக்கு இடமில்லை. அப்பா டெலிபோன் கார்ட் முடியும்வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பிள்ளையோடு வந்த குடும்பத்தை எடுக்க முடியாது என்றார்கள். "வாங்கோ" என்று சொன்னவர் மலர் அன்ரி ஒருவர்தான். கதவைத் திறந்தபடியால் அவருடைய கெட்ட குணம் முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. திறக்காதவர்களின் குணம் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இந்தப் புத்தகத்தில் நல்ல தமிழில் அழுதிருக்கிறார்கள். இதைச் சொல்வதால் அன்ரியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்மேல் உள்ள கோபத்தை அவருக்கு மட்டும் முழுதாகக் கொடுத்துவிட முடியவில்லை, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நான் குரலைத் தாழ்த்துவதில்லை. செத்தவீட்டன்று மண்டபத்தில் பெரியப்பா என்னை அடையாளம் தெரியாமல், "பிள்ளை எவடம்?" என்று கேட்டார். வீட்டு இலக்கம், தெரு, கோலியர்ஸ் வுட், போஸ்ட்கோட் எல்லாம் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உவ்வளவும் சொல்லத் தேவையில்லை பிள்ளை" என்றார்.

"தேவை பெரியப்பா" என்றேன்.