கரி மாற்றியதும் வெளுத்த தேத்தண்ணி

எழுபதுகளின் கடைசியில் சுங்காய் சாலையோரம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் பாதி, துரு பாதி. என் கணவரின் வெள்ளைச் சட்டையை நாலு தரம் துவைத்தால் போதும், காவி ஏறிச் சாமியார் ஆகிவிடுவார். பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு வடிகட்டித் தொட்டி வேறு. கிணற்றுத் தண்ணீர் அதற்குள் புகுந்துதான் குழாய்க்கு வரும். போன நிறத்திலேயே வரும்.

வாசலில் நான் ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். கணவரின் செம்பனை எண்ணெய் ஆலைச் சம்பளம் வாடகையோடு தீர்ந்துவிடும். எங்களுக்குச் சோறு போட்டது கடைதான். பால் ஊற்றாத என் 'தே ஓ' அந்த வட்டாரத்தில் பிரசித்தம். அப்படி ஒரு கறுப்பு! "அக்கா தூள அள்ளிப் போடுதுலா" என்று லோரிக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்கும் அது என் கைமணம் என்றுதான் நினைப்பு.

ஆலையில் யாரோ என் கணவரிடம், தொட்டிக்குள் கரி இருக்கும், அதை மாற்றாவிட்டால் தொட்டி வெறும் தகரம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் ஈப்போவுக்குப் போய் ஒரு மூட்டை சிரட்டைக் கரி வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து பழைய கரியை அள்ளினார். செத்த எலி நாற்றம். மணலை அலசி, புதுக் கரியைக் கழுவி நிரப்பினார். முதலில் மையாக வந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் பளிங்காகிவிட்டது. அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

திங்கள் காலை தேத்தண்ணி கலந்தேன். வெளிறிப்போய் நின்றது. இன்னும் தூள் போட்டேன்; கசப்புதான் ஏறியது. அப்போதுதான் உறைத்தது. தேயிலையோடு துரு சேர்ந்துதான் இத்தனை நாள் அந்தக் கறுப்பு! ஐயோ, என் கைமணமே!

தினமும் வரும் செம்பனை லோரிக்கார அண்ணன் குவளையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னாக்கா இது, குதிர மூத்திரம் மாரி இருக்கு? தூளு வெல ஏறிருச்சா?"

"அதே தூளுதாண்ணே. கூடத்தான் போட்டுருக்கேன்."

"பின்ன கலரு எங்க போச்சு?"

பெஞ்சைத் துடைக்கத் தொடங்கினேன். தண்ணீர் இப்போதுதான் சுத்தம் என்றால், அடுத்த கேள்வி என்ன வரும்? 'அப்ப இத்தன நாளா எங்களுக்கு என்னத்தக் குடுத்த?'

வியாழக்கிழமைக்குள் பெஞ்சு காலி. எல்லாரும் எதிரே சீனன் கோப்பிக் கடையில். 'சுத்தம் சோறு போடும்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய மகராசன் மட்டும் கையில் கிடைத்திருந்தால்! கிடைக்கவில்லை. கிடைத்தவர் என் கணவர்தான். "நல்லா இருந்த தொட்டியத் தொறக்கச் சொல்லி யாரு அழுதா?" என்று விடிய விடியக் காய்ச்சினேன்.

வெள்ளிக்கிழமை லோரிக்காரர் இரண்டு கூட்டாளிகளோடு வந்தார், குடிக்க அல்ல, கேலி செய்ய. "சுடுதண்ணிக்கே காசு வாங்கப் போறியாக்கா?" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைக் கக்கிவிட இருந்தேன். அதற்குள் என் கணவர் முன்னால் வந்துவிட்டார். நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை.

"தப்பு எம்மேலதாண்ணே. மிச்சம் புடிக்கலாம்னு நாந்தான் தூளக் கொறைக்கச் சொன்னேன். அது மேல குத்தமில்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்றே கிணற்றிலிருந்து, தொட்டிக்குள் போகாமல், கடைக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்தார். மறுநாள் லோரிக்காரர் ஒரு மடக்குக் குடித்து, "இதுதான்லா தே!" என்று தொடையில் தட்டினார். கொதித்த துரு யாரை என்ன செய்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெஞ்சு நிரம்பியது.

என் கணவருக்குத்தான் ஊரில் கஞ்சன் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் தலை தெரிந்தாலே, "அக்கா, தூள் டின்ன மூடு, அண்ணன் வாராரு!" என்பார்கள். கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.