செத்தும் தேத்தண்ணி ஊற்றியவள்

திரையில் அந்த ஜப்பானியப் பெண் வெள்ளை உடுத்து, தலைமுடி முகத்தை மறைக்க, குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதைப்படி அவள் செத்து மூன்று மாதம். வீட்டுக்காரரின் மகள் சோபாவில் தலையணையைக் கட்டிக்கொண்டு அலறினாள். வாசலில் என்னோடு பிளாஸ்க்கும் கையுமாக நின்ற சமையற்கார அக்காவுக்கோ பேயின் மேல் கோபம் வந்துவிட்டது. "செத்தும் தேத்தண்ணி ஊத்துறாளே, விசரி! இவளுக்கு ரோசமே இல்லையா பிள்ளை?" என்றார்.

சவுதியில், தம்மாம் நகரத்தில், நானும் அக்காவும் ஒரே வீட்டில் வேலை செய்தோம். யாழ்ப்பாணத்து அக்காவுக்குச் சமையல். மலையகத்திலிருந்து போன எனக்குத் துப்புரவு. அந்த மகளுக்கு ஜப்பானியப் பேய்ப்படம் என்றால் உயிர். ஒரே படத்துக்குள் நாலு கதை இருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண் வஞ்சிக்கப்பட்டுப் பேயாக வருவாள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் போடும் படத்தை நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் அக்காவுக்குச் சொல்வேன். ஏமாற்றியவன் கழுத்தைப் பேய் நெரித்தால் அக்கா கைதட்டுவார். இந்த நாலாவது கதையின் வேலைக்காரிப் பேய் மட்டும் யாரையும் ஒன்றும் செய்யாமல், தினமும் வந்து அடுப்பு மூட்டிவிட்டுப் போனாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

இரண்டு வருடத்தில் லீவு என்பது பேச்சு. அதற்கு மேலும் ஏழு மாதம் ஓடியிருந்தது. ஊரில் அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. கேட்டால் வீட்டுக்கார மேடம் "பெருநாள் முடியட்டும்" என்பாள். எந்தப் பெருநாள் என்று சொல்லமாட்டாள்.

படம் முடியுமுன்பே அக்கா பிளாஸ்க்கை வைத்துவிட்டு மேடத்திடம் போனார். "கலாஸ் மேடம். நாளைக்குச் சமையல் மாஃபி. டிக்கெட்!" முடிந்தது, இனிச் சமையல் இல்லை என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். அப்படியானால் யார் சமைப்பது என்று மேடம் சிரித்தாள். அதற்கு மேல் அக்காவுக்கு அரபு வரவில்லை. தமிழிலேயே சொன்னார்: "டிவிக்குள்ள ஒருத்தி நிக்கிறாள். செத்தும் வேலை செய்யிறாள். அவளைக் கூப்பிடுங்கோ. நான் உயிரோட இருக்கிறன்."

"என்ன சொல்கிறாள்?" என்று மேடம் என்னைக் கேட்டாள்.

கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறார்கள், இப்போது ஓமானின் ரூவியில் ஓர் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள். ஏன் மாற்ற வேண்டும்? அந்த வாரமே அக்காவுக்கு டிக்கெட் வந்தது. பேரனைக் கையில் வாங்கினார். வாய் நீளம் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். என் லீவும் அந்த மேடத்தின் கையில்தான் இருந்தது. தெரிந்தேதான் ஒரு சொல் குறைக்காமல் அரபியில் சொன்னேன். முடிவில், "நானும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.