வெள்ளை வைனுக்கு வைத்த சொதி

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் வீட்டில்தான் சாப்பிடுகிறான். அவன் கட்டப்போகிற பெண் இத்தாலிக்காரி. அவளுடைய தாய் தகப்பன் இருப்பது மொன்றியல் துறைமுகத்துப் பக்கம், நாங்கள் நகரின் மறுகோடியில், கார்ட்டியர்வில்லில். என் கணவர் காலமானபிறகு வீட்டில் நானும் மகனும்தான். முதலில் மாதத்தில் ஒரு ஞாயிறு என்று தொடங்கியது, இப்போது எல்லா ஞாயிறும். ஞாயிறு மத்தியானங்களில் எனக்கு இருப்புக் கொள்ளாது. துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பேன். ஜன்னலுக்குப் போவேன், வருவேன். பிள்ளை கைவிட்டுப் போகிறானே என்ற பயம், வேறொன்றுமில்லை.

அதனால்தான் போன மாசியில் பெண்ணையும் தாய் தகப்பனையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர்கள் முந்திக்கொண்டு மகனிடம் ஒரு போத்தல் கொடுத்துவிட்டிருந்தார்கள். இத்தாலி வெள்ளை வைன்.

"அம்மா, இது ரெண்டு விதமான திராட்சை கலந்து செய்யிறது. மீனோட நல்லாயிருக்கும். உறைப்பை மட்டும் குறைச்சுப் போடுங்கோ" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு போத்தலுக்காக நான் சமையலை மாத்தோணுமோ?"

"போத்தலுக்காக இல்லையம்மா. சாப்பிட வாறவைக்காக."

அது இன்னும் சுட்டது.

அடுத்த நாள் போத்தலைப் படம் எடுத்துக்கொண்டு மதுக்கடைக்கே போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. தெரிந்த சனம் கண்டால் என்ன கதைக்குமோ என்று தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். அங்கே வேலை செய்த பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒரு திராட்சை மணத்துக்கு, மற்றது புளிப்புக்கு. வெள்ளை மீன், கணவாய், மிருதுவான சீஸ் எல்லாம் பொருந்தும். தேங்காய்ப்பாலும் பொருந்தும், மிளகாய் கூடினால்தான் வாய் எரியும், வைன் கசக்கும் என்றாள். தேங்காய்ப்பால் என்றதும் எனக்கு உயிர் வந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி இருக்கிறதே!

மீன் சொதி வைத்தேன். பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டு, மணம் வந்ததும் எடுத்துவிட்டேன். கடைசியில் தேசிக்காய் பிழிந்தேன். கணவாய்க்குக் கொஞ்சம் மிளகு மட்டும் தடவிப் பொரித்தேன். இடியப்பமும் அவித்தேன்.

மூன்று பேரும் வந்தார்கள். மகன் போத்தலைத் திறந்து ஊற்றினான். நான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மேசையோரம் நின்றேன். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட, வீட்டுக்காரி நின்று பார்த்துப் பார்த்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். சாப்பிடச் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

குசினிக்குப் போய் இன்னும் இடியப்பம் எடுத்துவந்தேன். அப்போதும் கைகள் மடியில்தான். மீன் மணம் பிடிக்கவில்லையோ, மஞ்சள் நிறம் பிடிக்கவில்லையோ? சொதி ஆறிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது, இனிப் பிள்ளை அங்கேதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் தாய்தான் கடைசியில் பிரெஞ்சில் சொன்னாள், "மதாம், சமைத்தவர் எங்களோடு உட்காராமல் நாங்கள் எப்படித் தொடுவது?"

அவர்கள் வழக்கம் அது. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன், உடனே கரண்டிகள் ஓடத் தொடங்கின. வைனில் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தனியே புளித்தது, சொதிக்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தது. தகப்பன்காரர் தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டார்.

நான் எழும்பப்போனேன். மகன் என் தோளில் கையை வைத்து இருத்திவிட்டுத் தானே சட்டியைத் தூக்கினான். எங்கள் வீட்டில் அவன் அகப்பை பிடித்ததே கிடையாது. இப்போது ஒரு துளி சிந்தாமல், முதலில் எனக்கு விட்டான்.

"போதுமோ அம்மா?"

எங்கே பழகினான் என்று எனக்கு விளங்கிவிட்டது. நெஞ்சு சுட்டது. சந்தோசமாகவும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் விடு தம்பி" என்று தட்டை நீட்டினேன்.